பேச்சி துடைத்த சுண்ணாம்பு

மட்டாஞ்சேரியில் கொச்சங்காடிப் பக்கம் பிறக்கிற குழந்தை அழுவதற்கு முன்னால் தும்மும். தெரு முழுக்க மிளகும் சுக்கும் ஏலக்காயும் அடைத்த கிடங்குகள். சாக்கை லாரியிலிருந்து இறக்கும்போது எழும்புகிற தூசியில் காக்கைகூட ஒரு தும்மல் போட்டுவிட்டுத்தான் கரையும். நம்பாதவர்கள் ஒரு நாள் காலையில் போய் நின்று பார்க்கலாம். துண்டு ஒன்று எடுத்துக்கொண்டு போவது நல்லது.

அந்தத் தூசியைக் கூட்டித் தள்ளியே பாதி ஆயுளைக் கழித்தவள் பேச்சி. தாத்தா காலத்தில் சங்கரன்கோவில் பக்கமிருந்து கொச்சித் தெருக்களைப் பெருக்கக் கூட்டிவரப்பட்ட குடும்பம். கார்ப்பரேஷன் வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை. தனியார் கடைகளையும் கிடங்கு ஆபீசுகளையும் துடைத்துப் பெருக்கி, சாயா போட்டுக் கொடுத்துப் பிழைத்தாள். கை என்றால் அப்படி ஒரு கை. மக்கர் பண்ணும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வை ஒரு கரண்டிக் காம்பு வைத்துக் கழற்றிப் பூட்டிவிடுவாள். பேச்சி வருகிறாள் என்று தெரிந்தால் துருப்பிடித்த பூட்டுகள் தாமாகவே திறந்துகொள்ளும் என்று தெருவில் சொல்வார்கள். அப்படித் திறந்த பூட்டுகளில் இரண்டை எனக்கே தெரியும்.

அவளுக்கு உலகத்தில் ஒரே ஒரு எதிரி. சுண்ணாம்பு. சுமை தூக்குகிறவர்கள் வெற்றிலை போடுவார்கள். விரலில் மிஞ்சிய சுண்ணாம்பைப் பக்கத்தில் எது இருக்கிறதோ அதில் இழுத்துவிட்டுப் போவார்கள். சுவர், கதவு, தராசுக் கம்பம், நிற்கிற ஆட்டின் முதுகு, எதுவும் தப்பாது. பேச்சி அதைச் சுரண்டிச் சுரண்டியே நகம் தேய்ந்தவள். வெள்ளையாக ஓர் இழுப்பு கண்ணில் பட்டால் அவள் கை தானாகவே துணியைத் தேடும்.

இரண்டாயிரத்து ஒன்றில் அவள் காலை வேளையில் போய்க்கொண்டிருந்தது மஞ்சுஷாவின் டி.டி.பி. சென்டருக்கு. மஞ்சுஷாவும் தமிழ்க் குடும்பத்துப் பெண்தான். பேசுவது தமிழ், எழுதப் படிக்க வருவது மலையாளம். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், நாலு பிளாஸ்டிக் நாற்காலி. கல்யாணப் பத்திரிகை, மரண அறிவிப்பு, சீட்டுக் கம்பெனி நோட்டீஸ், எல்லாம் அங்கேதான் தயாராகும்.

அந்தக் கம்ப்யூட்டரைச் சேர்த்துப் பூட்டிக் கொடுத்தவன் ஷிபு. பேச்சி குடியிருந்த லைன் வீடுகளில்தான் அவன் வீடும். அப்பா பாண்டியராஜ் கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை பார்த்தவர், வேலையில் இருக்கும்போதே மாரடைப்பில் போனார். அந்த வேலையை மகனுக்குத் தருவார்கள் என்று அம்மா காளியம்மாள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். அவன் அசையவில்லை. அந்த வீட்டில் தாத்தா, அப்பா, சித்தப்பா என்று ஆண்கள் எல்லோரும் துடைப்பம் பிடித்தவர்கள். ஸ்க்ரூ டிரைவர் பிடித்த முதல் ஆள் இவன். எர்ணாகுளத்தில் ஒரு கடையில் எடுபிடியாக நின்று தொழில் பழகி, தெருவில் கம்ப்யூட்டர் வைத்திருந்த கடைகளுக்கெல்லாம் இவனே வைத்தியன் ஆகியிருந்தான். அப்பாவிடமிருந்து எடுத்துக்கொண்டது வெற்றிலைப் பழக்கம் மட்டும். மஞ்சுஷாவின் மேஜைக்கு அடியில் அவன் விரல் தடம் வெள்ளையாக இரண்டு இருந்ததைப் பேச்சி கண்டுபிடித்து, அவன் காதைப் பிடித்துக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள்.

கம்ப்யூட்டரைப் பற்றி ஷிபு பேச ஆரம்பித்தால் காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும். உள்ளே பிராசஸர் என்று ஒரு சில்லு இருக்கிறது, கணக்கெல்லாம் அதுதான் போடுகிறது, போடப் போட அதற்குச் சூடு ஏறும், அதன் தலையில் ஓர் அலுமினியக் கட்டியும் அதற்கு மேல் ஒரு ஃபேனும் உட்கார்ந்து சூட்டை இழுத்து வெளியே தள்ளுகின்றன என்று மஞ்சுஷாவுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தான். மெஷீனைப் போட்டதும் ஒரு பொத்தானை அழுத்தினால் நீலத் திரையில் அதன் சூடு எண்ணாக வரும்.

"அறுபதுக்கு உள்ள நின்னா அது சுகமா இருக்குன்னு அர்த்தம்," என்றான். "எழுபது தாண்டினா நிறுத்திட்டு என்னைக் கூப்பிடு. தொண்ணூறு ஆச்சுன்னா என்னைக் கூப்பிட்டும் காரியமில்ல. இது தானா நிக்கிற சாதி இல்ல, வெந்து போயிடும்."

மஞ்சுஷாவின் அம்மா பூப்போட்ட துணியில் உறை தைத்து மாட்டியிருந்தாள். ஓடுகிற மெஷீனுக்குக் கம்பளி போர்த்தாதே என்று அதை உருவிப் போட்டான். பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தான். கொச்சிப் புழுக்கத்துக்கு இதுவும் போதாது என்று பெட்டியின் ஒரு பக்கத் தகட்டையும் கழற்றி வைத்தான். காற்று நன்றாகத்தான் வந்தது. காற்றோடு மிளகும் வந்தது. அதற்காக மாதம் ஒருமுறை பிரஷ் கொண்டுவந்து தூசி தட்டிவிட்டுப் போவான்.

அந்த வருஷம் நவராத்திரி வந்தது. மலையாளத்துக்காரர்கள் அஷ்டமி சாயங்காலம் புத்தகத்தையும் கருவிகளையும் பூஜைக்கு வைத்துவிட்டு விஜயதசமி காலைவரை தொடமாட்டார்கள். நம் ஆட்கள் அதோடு, எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். மஞ்சுஷா இரண்டு முறையும் சேர்த்தே செய்கிறவள். பூ வாங்கப் புறப்படும்போது, கடையைத் துடைத்து வையுங்கள் அக்கா, கம்ப்யூட்டருக்கு வெளியே மட்டும் துணி போட்டால் போதும் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

பேச்சி வெளியே துடைத்தாள். திறந்த பக்கத்தில் எட்டிப் பார்த்தாள். ஃபேன் இறக்கைகளில் தூசி பூனை ரோமம் மாதிரி அப்பிக் கிடந்தது. ஷிபு அந்த மாதம் இன்னும் வந்திருக்கவில்லை. சரஸ்வதி உட்காருகிற இடம் இப்படியா இருப்பது என்று அவளுக்குப் பொறுக்கவில்லை. மின்சார வயரைப் பிடுங்கினாள். கரண்டிக் காம்பை ஒரு கம்பிக் கொக்கியில் கொடுத்து நெம்பினாள். ஸ்டவ் பர்னர் வருகிற மாதிரி ஃபேனும் அலுமினியக் கட்டியும் ஒன்றாகக் கையோடு வந்தன. தூசியை ஊதித் தட்டிப் பளபளவென்று ஆக்கினாள். பிறகுதான் கீழே பார்த்தாள். நடுவில் நகம் அகலத்துக்கு ஒரு சின்னச் சில்லு, அதன் மேல் வெள்ளையாக ஓர் இழுப்பு.

அவளுக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. மேஜைக்கு அடியில் இழுத்தது போதாதென்று பெட்டிக்குள்ளேயே, அதுவும் நட்ட நடுவில், பாண்டியராஜ் மகன் சுண்ணாம்பை இழுத்துவைத்திருக்கிறான். ஈரத் துணியால் துடைத்தாள். போகவில்லை. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தாள். கட்டியின் அடிப்பக்கத்தையும் விடவில்லை, கண்ணாடியாக்கினாள். வெறும் சில்லை அப்படியே மூட மனசு வராமல், பன்னீர்விட்டுக் குழைத்த சந்தனத்தைத் தாராளமாக ஒரு பொட்டு வைத்தாள். சந்தனம் சூட்டுக்கு நல்லது என்பது அவள் பாட்டியும் சொன்னது, ஷிபுவும் சூடு சூடு என்றுதான் அடித்துக்கொள்கிறான். கட்டியை உட்கார வைத்துக் கொக்கியை மாட்டினாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

விஜயதசமி அன்று மஞ்சுஷா மெஷீனைப் போட்டு நீலத் திரையைப் பார்த்தாள். நாற்பத்தெட்டு. தேவி கடாட்சம் என்று கும்பிட்டாள். அதில் பாதி நிஜம்தான். ஈரம் இருக்கிறவரை சந்தனம் சூட்டைக் கடத்திக்கொண்டுதான் இருந்தது. நாள் போகப் போகக் காய்ந்து பொடியானது. அதற்குள் கல்யாணப் பத்திரிகை வேலை மேலுக்கு மேல் வந்து, மஞ்சுஷா நீலத் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

ஒரு நாள் காலையில் மாப்பிள்ளை பெயர் பாதியில் நிற்கும்போது திரை உறைந்தது. பெட்டியிலிருந்து முடி கருகுகிற மாதிரி நாற்றம். காயலுக்கு அக்கரையில் இருக்கிற வைப்பின் தீவு வரைக்கும் அடித்தது என்று சொல்ல ஆசைதான். வாசல் வரைக்கும் நிச்சயமாக அடித்தது.

ஷிபு வந்தான். கட்டியைக் கழற்றத் தொட்டவன் விரலை உதறிக்கொண்டான். சில்லின் மேல் பழுப்பாக, பொருக்காக ஏதோ ஒட்டியிருந்தது. அதை நகத்தால் சுரண்டி வெகுநேரம் பார்த்தான். பேச்சி சாயா கிளாசோடு பக்கத்தில் நின்றிருந்தாள்.

"பேஸ்ட் கருகிப் போச்சு," என்றான் மஞ்சுஷாவிடம். "பேரில்லாத பாக்கெட் ஒண்ணு எர்ணாகுளத்துல வாங்கினேன். தப்பு என் பேர்லதான்."

வீட்டுக்குப் போய்த் தன் சொந்தக் கம்ப்யூட்டரின் பிராசஸரைக் கழற்றிக்கொண்டு வந்தான். அதை உட்கார வைத்து, பையிலிருந்து ஒரு சின்ன டியூபை எடுத்துச் சில்லின் நடுவில் பிதுக்கி விரலால் மெல்லப் பரப்பினான். வெள்ளையாக ஓர் இழுப்பு.

பேச்சி சாயா கிளாசை மேஜையில் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். அது என்ன தம்பி என்று கேட்டாள். சில்லுக்கும் கட்டிக்கும் இடையில் கண்ணுக்குத் தெரியாத காற்று இருக்கும், அது சூட்டை விடாது, அந்த இடத்தை நிரப்புகிற பசை இது, இது இல்லாவிட்டால் மேலே எத்தனை ஃபேன் சுற்றினாலும் பிரயோஜனமில்லை என்று பொறுமையாகச் சொன்னான். வழக்கமாக அவளைக் கிண்டல் பண்ணாமல் அவன் ஒரு வாக்கியம் முடித்ததில்லை. அன்று பண்ணவில்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் அவன்தான் ஏற்கெனவே தப்பைத் தன் பேரில் போட்டுக்கொண்டானே, மஞ்சுஷாவும் பெரிதாகத் திட்டவில்லையே, ஆறிவிடும் என்று விழுங்கிவிட்டாள்.

ஆறவில்லை. ஷிபு ஒரு விபரீத நேர்மைக்காரன். அதே பாக்கெட் பசையைத்தான் உங்கள் மெஷீனுக்கும் போட்டேன், மாற்றித் தருகிறேன் என்று தெருவில் ஒவ்வொரு கடையாக ஏறித் தானே சொன்னான். எல்லாவற்றையும் திறந்து பார்த்தான். எல்லாம் வெண்ணெய் மாதிரி நன்றாக இருந்தன. ஆனால் கடைக்காரர்கள் பயந்துபோய், அடுத்த மாதமே எர்ணாகுளத்திலிருந்து வேறு ஆளைக் கூப்பிட்டார்கள். அவனுக்கோ அதைவிடப் பெரிய அடி வேறிடத்தில் விழுந்தது. எல்லா இடத்திலும் பசை நன்றாக இருக்கிறது என்றால் தப்பு பசையில் இல்லை, தன் கையில் என்று முடிவு கட்டிவிட்டான். மிச்சமிருந்த ஒன்றிரண்டு வேலைகளிலும் பூட்டியதைத் திரும்பக் கழற்றிப் பார்ப்பான், திரும்பப் பூட்டுவான், வாசல் வரை போய்த் திரும்பி வருவான். வெற்றிலை போடுவதை நிறுத்தினான். மேஜைக்கு அடியில் தடம் விழுவதும் நின்றது. பேச்சி தினமும் குனிந்து பார்ப்பாள். சுரண்ட ஒன்றுமில்லாத அந்தப் பலகையை ஒருமுறை துடைத்துவிட்டு எழுவாள்.

அவள் தனக்குத் தெரிந்த பரிகாரமெல்லாம் செய்தாள். அயலைக் குழம்பும் கப்பைக் கிழங்கும் கொண்டுபோய் ஷிபு வீட்டில் வைத்தாள். கம்ப்யூட்டர் பக்கத்தில் யாரையும் காலண்டர்கூட மாட்டவிடவில்லை. மஞ்சுஷா இல்லாத நேரத்தில் பனையோலை விசிறி எடுத்துப் பெட்டிக்கு விசிறினாள். அந்த வருஷம் மட்டாஞ்சேரியில் ஜலதோஷம் பிடித்த ஒரே கம்ப்யூட்டர் அதுவாகத்தான் இருக்கும். எதுவும் பலிக்கவில்லை. அவனைத் தெருவில் கண்டால் சந்துக்குள் திரும்பிக்கொள்ளப் பழகினாள்.

தை பிறந்து கொஞ்ச நாளில் காளியம்மாள் ஒரு கிண்ணத்தில் அல்வாவோடு பேச்சி வீட்டுக்கு வந்தாள். முகம் பூத்திருந்தது. மகன் மனசு மாறிவிட்டான், அப்பா வேலைக்குச் சம்மதம் எழுதிக் கொடுக்கத் திங்கட்கிழமை போகிறான் என்றாள். பாண்டியராஜ் போனதற்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்துப் பேச்சி பார்த்ததில்லை.

"நிரந்தர வேலை பேச்சி. பென்ஷன் உண்டு. இனி நான் யார் கையையும் பார்க்க வேண்டாம்," என்று அவள் வாயிலேயே ஒரு துண்டை ஊட்டினாள்.

அல்வா என்றால் தானாக இறங்க வேண்டியது. அது தொண்டையிலேயே நின்றது. துடைப்பம் என்னவென்று பேச்சிக்குத் தெரியும். அதில் கேவலம் ஒன்றுமில்லை என்று அவள் நூறு பேரிடம் சண்டை போட்டிருக்கிறாள். ஆனால் கை நன்றாக இருக்கிறவன், தன் கை ஆகாத கை என்று நம்பிக்கொண்டு அதைப் பிடிக்கப் போகிறான். அந்த நம்பிக்கையை அவனுக்குக் கொடுத்தது இவள். இப்போது வாயைத் திறந்தால் காளியம்மாளின் பென்ஷன் போகும். திறக்காவிட்டால் அந்தப் பையன் காலம் முழுக்க இவள் தப்பைச் சுமப்பான். எந்தப் பக்கம் திரும்பினாலும் பாண்டியராஜ் வீட்டுக்குத் துரோகம்.

சனிக்கிழமை காலை ஷிபு மஞ்சுஷா கடைக்கு வந்தான். பையைத் திறந்து ஸ்க்ரூ டிரைவர்களையும் பிரஷையும் பசை டியூபையும் மேஜையில் வைத்தான். இனி வருகிறவனுக்கு உதவும், வைத்துக்கொள் என்றான். பேச்சி துடைத்துக்கொண்டிருந்த தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஷிபு, அத தொடச்சது நான்," என்றாள்.

"எத அக்கா?"

"அந்த வெள்ளைய. பூஜைக்கு மின்னாடி. நீ சுண்ணாம்பு இழுத்து வெச்சிருக்கேன்னு நினைச்சு மண்ணெண்ண போட்டு தொடச்சுட்டேன். அப்புறம் சந்தனம் வெச்சேன். நீ அன்னிக்கு சுரண்டினது உன் பேஸ்ட் இல்ல, என் சந்தனம்."

ஷிபுவின் முகத்தில் முதலில் வந்தது கோபமில்லை. புருவம் நெரிந்தது.

"சந்தனத்துல எத்தன நாளு ஓடிச்சு?" என்று மஞ்சுஷாவைக் கேட்டான். ஒரு வாரத்துக்கு மேலே ஓடியது, முதல் நாள் நாற்பத்தெட்டு காட்டியது என்று அவள் சொன்னாள். நாற்பத்தெட்டா என்று அவன் தனக்குள் முனகினான். தொழில்காரன் ஒருவன் அவனுக்குள் எழுந்து உட்கார்ந்ததை இரண்டு பெண்களும் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது.

"மூணு மாசமா என் கைய நானே வெறுத்துட்டு நடந்தேன் அக்கா. உங்க குழம்பையும் தின்னுட்டு நடந்தேன். ஒரு வாக்கு சொல்லியிருக்கலாம் இல்லியா?"

பேச்சி கையிலிருந்த துணியைப் பிழிந்து ஓரமாக வைத்தாள்.

"எழும்புங்க. என் கூட வாங்க. நான் ஏறின கடைக்கெல்லாம் நீங்களும் ஏறணும். என் வாயால சொன்னா யாரும் நம்பமாட்டாங்க."

அன்று பேச்சி அவன் பின்னால் தெரு முழுக்க நடந்தாள். தான் தினமும் பெருக்குகிற படிகளில் ஏறி நின்று, சுண்ணாம்பு என்று நினைத்தேன், துடைத்தேன், சந்தனம் வைத்தேன் என்று ஒவ்வோர் இடத்திலும் சொன்னாள். சுக்குக் கிடங்கு ஆபீசில் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். சிரிப்பும் தும்மலும் சேர்ந்து கணக்கப்பிள்ளை நாற்காலியிலிருந்து விழுந்தார். ஏலக்காய்க் கடை நீலகண்டன் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு கிழவியைக் கூட்டிவந்து பொய் சொல்ல வைக்கிறாயா என்று ஷிபுவைக் கேட்டார். பேச்சிக்கு நாற்பத்தைந்துதான். அதற்குக்கூட அவள் எதிர்த்துப் பேசவில்லை. உங்கள் குலதெய்வத்தின் மேல் ஆணை முதலாளி, நான்தான் என்று மட்டும் சொன்னாள். மஞ்சுஷா அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை ஷிபு கார்ப்பரேஷனுக்குப் போகவில்லை. ஏலக்காய்க் கடையில் மெஷீன் நின்றுபோய் நீலகண்டனே ஆள் அனுப்பியிருந்தார், அங்கே போனான்.

விஷயம் காளியம்மாளுக்கு எட்டியதும் லைன் வீடுகள் அதிரும் என்று பேச்சி காத்திருந்தாள். சத்தமே வரவில்லை. காளியம்மாள் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு அவள் வந்தால் எழுந்து போனாள். சுற்றி எல்லார் வீட்டுக்கும் போகிற பலகாரம் பேச்சி வீட்டைத் தாண்டிப் போனது. ஒரு நாள் குழாயடியில் யாரும் இல்லாதபோது, குடத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"கடை கடையா ஏறிச் சொன்னியாம். என் வீட்டுப் படி உனக்குக் கண்ணுல படல."

அது உண்மை. அத்தனை படி ஏறியவள் அந்த ஒரு படியை ஏறவில்லை. மற்ற இடங்களில் சிரித்தார்கள்; அங்கே சிரிக்கமாட்டார்கள் என்று தெரிந்ததுதான் காரணம்.

அன்று சாயங்காலம் பேச்சி அந்த வாசலில் போய் நின்றாள். காளியம்மாள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. உட்காரவும் சொல்லவில்லை. பேச்சி முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள், கரண்டிக் காம்பிலிருந்து அல்வா தொண்டையில் நின்றதுவரை. மயினி, உன் பென்ஷனைப் பறித்தவள் நான்தான் என்றும் சொன்னாள். காளியம்மாள் கேட்டுக்கொண்டே நாலைந்து மீனை முடித்தாள்.

"அப்போ எம்புள்ள கை நல்ல கைதானா?" என்று கேட்டாள்.

"நல்ல கை மயினி. அப்படி ஒரு கை இந்தத் தெருவுல இல்ல."

"அத அன்னிக்கே சொல்லாம, அல்வாவ வாங்கித் தின்னுருக்க."

காளியம்மாள் அலசிய தண்ணீரை அவள் காலில் படாமல் ஓரமாக ஊற்றிவிட்டு, சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. உள்ளே வா என்றும் கூப்பிடவில்லை. பேச்சி விளக்கு வைக்கிற நேரம்வரை அந்தப் படியிலேயே நின்றிருந்தாள்.